நம்பாதீங்க, ஆனா வீட்டுலயும் உட்காராதீங்க



பதிவு நீளம். கோப்பி ஒண்ணு கலக்கிக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவுல கொஞ்ச நாளா ஒரு வாக்குவாதம் ஓடுது. "கோலாலம்பூர்ல பேரணின்னா வேன் பிடிச்சுப் போவோம்"ங்கறாங்க தம்பிங்க. "கோயில் பேரை அரசியலுக்குள்ள இழுக்காதீங்கப்பா"ன்னு பெரியவங்க தடுக்கிறாங்க. இந்த ரெண்டு பக்கமும் இல்லாம மூணாவதா ஒரு கூட்டம் இருக்கு. "எவன் வந்தாலும் ஒண்ணுதான். நான் பேரணிக்கும் போகல, ஓட்டும் போடல"ன்னு ஒரு வரி போட்டுட்டு குழுவை மியூட் பண்ணிடறாங்க. இந்த மூணாவது கூட்டம்தான் வருஷா வருஷம் பெருசாகிட்டு வருது. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

நான் எந்தக் கட்சியிலயும் உறுப்பினர் இல்ல. பிரிஞ்சாங்ல கோயில் தொண்டு செய்றவன், அவ்வளவுதான். அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிறது, திருவிழான்னா கார் பார்க்கிங் பார்க்கிறது, உண்டியல் எண்ணுற அன்னைக்கு கூட உட்கார்றது. இது ஆலய நிர்வாகத்தோட கருத்து இல்ல. திட்டணும்னா என்னையே திட்டுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அரசியல்வாதியை நம்பாதவங்க மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல. அந்த நம்பிக்கையின்மை சும்மா வரல. அனுபவத்துல வந்தது.

மாக் செக் எல்லாரும் பார்த்திருப்பீங்க. நாலு அடி நீளத்துக்கு அட்டை, அதுல பெரிய எழுத்துல தொகை, பக்கத்துல நின்னு சிரிக்கிற வைபி. எங்க கோயிலுக்கும் ஒரு தேர்தல் நேரத்துல அப்படி ஒண்ணு வந்துச்சு. எந்தக் கட்சி, எந்த வருஷம்னு எழுத மாட்டேன், அது இங்க முக்கியமில்ல. மாலை போட்டோம், பொன்னாடை போத்தினோம், பத்து கோணத்துல படம் எடுத்தோம். தேர்தல் முடிஞ்சது. பணம் வரல. போன் பண்ணா உதவியாளர் எடுத்தார், அப்புறம் அவரும் எடுக்கல. அட்டை மட்டும் ஸ்டோர்ல கிடந்துச்சு. கடைசியில அரிசி மூட்டைக்கு ஈரம் ஏறாம இருக்க அடியில விரிச்சோம். அந்த வகையில அது கோயிலுக்கு உபயோகப்பட்டதுன்னு வச்சுக்கலாம்.

இப்படி ஒரு கதை இந்த மலையில ஒவ்வொரு கோயிலுக்கும், ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் இருக்கும். அதனால "நம்புங்க"ன்னு நான் யாரையும் கேக்கப்போறதில்ல. நம்பலைன்னா அடுத்து என்ன செய்யணும்? என் கேள்வி அதுதான்.

நம்ம சமுதாயம் கண்ட பெரிய போராட்டத்துலேர்ந்து ஆரம்பிப்போம்.

2007 அக்டோபர் 30. தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கு. ஷா ஆலம் பாடாங் ஜாவாவுல மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. அதுக்கு முன்னயே மனசுக்குள்ள வருஷக்கணக்கா சேர்ந்திருந்த புகைச்சல் அன்னைக்குத் தீயாச்சு. நவம்பர் 25-ஆம் தேதி ஹிண்ட்ராஃப் அழைப்புல பல்லாயிரக்கணக்கான பேர் கோலாலம்பூர்ல திரண்டாங்க. ஜாலான் அம்பாங்ல அப்ப இருந்த பிரிட்டிஷ் தூதரகத்துல மனு கொடுக்கணும், அதான் நோக்கம். பாட்டன் பூட்டனை ஒப்பந்தக் கூலியா கூட்டிட்டு வந்து, சுதந்திரம் கொடுக்கிறப்ப அப்படியே விட்டுட்டுப் போன வெள்ளைக்காரன்கிட்ட நியாயம் கேக்கிற மனு. முதல் நாள் ராத்திரியே பத்துமலையில கூடியிருந்தவங்க மேல கண்ணீர்ப்புகை, ரசாயனத் தண்ணி. விடிஞ்சதும் நகரத்துலயும் அதேதான். 31 பேர் மேல கொலை முயற்சின்னு குற்றச்சாட்டு போட்டாங்க, பிறகு அதை மீட்டுக்கிட்டாங்க. டிசம்பர் 13-ஆம் தேதி உதயகுமார், மனோகரன், கணபதி ராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஐந்து பேரையும் ஐ.எஸ்.ஏ. சட்டத்துல பிடிச்சு கமுந்திங் அனுப்பினாங்க.

மூணு மாசம் கூட ஆகல. 2008 மார்ச் 8 பொதுத் தேர்தல். தேசிய முன்னணி நாடாளுமன்றத்துல மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது, நாலு மாநிலம் கைமாறியது. அசைக்கவே முடியாதுன்னு நினைச்ச டத்தோ ஸ்ரீ சாமிவேலு சுங்கை சிப்புட்ல டாக்டர் ஜெயக்குமார்கிட்ட தோத்தார். கமுந்திங்ல உள்ள இருந்துக்கிட்டே மனோகரன் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில ஜெயிச்சார்.

அதனால "பேரணி போயி என்னத்தக் கிழிச்சீங்க"ன்னு கேக்கிறவங்க இந்தக் கணக்கைப் பார்க்கணும். அது வரைக்கும் தமிழன் ஓட்டு சட்டைப்பையில பத்திரமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவங்களுக்கு, அதுக்கப்புறம் அப்படி நினைக்க முடியல.

ஆனா கதை அதோட முடியல. முடிஞ்சிருந்தா நானும் இங்கயே நன்றி வணக்கம் போட்டிருப்பேன்.

ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனாங்க. வேதமூர்த்தி 2013-ல உண்ணாவிரதம் இருந்தார். அதே வருஷம் ஏப்ரல் 18-ஆம் தேதி, எந்தத் தேசிய முன்னணிக்கு எதிரா நாம தெருவுல நின்னோமோ அதே தேசிய முன்னணியோட ஒப்பந்தம் போட்டார். துணையமைச்சர் ஆனார். ஒப்பந்தம் நிறைவேறலைன்னு சொல்லி 2014 பிப்ரவரியில விலகினார். 2018-ல ஆட்சி மாறினதும் பக்காத்தான் அரசாங்கத்துல அமைச்சர் ஆனார். 2020-ல அந்த ஆட்சியே கவிழ்ந்தது. அவரைத் திட்டுறதுக்காக இதை எழுதல. உள்ள போனா ஏதாவது செய்ய முடியும்னு நம்பிப் போயிருக்கலாம், அது அவர் முடிவு. நான் சொல்ல வர்றது நம்மளப் பத்தி. 2007-ல நாம கோபத்தைக் காட்டினோம், அதுல தப்பே இல்ல. ஆனா அந்தக் கோபத்தை மூட்டையா கட்டி நாலஞ்சு பேர் தோள்ல வச்சுட்டு, "நீங்க பார்த்துக்குங்க"ன்னு மலையேறி வந்துட்டோம். அவங்க எந்த வாசல் வழியா உள்ள போனாங்களோ, நம்ம மூட்டையும் அந்த வாசல் வழியா போயிடுச்சு. அப்புறம் பத்து வருஷம் "துரோகி"ன்னு சொல்லியே காலத்தை ஓட்டியாச்சு.

இன்னொரு போராட்டத்தைப் பாருங்க. இது யாருக்கும் பெருசா ஞாபகம் இருக்காது.

2018 செப்டம்பர்ல புது அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,050 வெள்ளின்னு அறிவிச்சது. தீபகற்பத்துல அப்ப இருந்தது 1,000. தேர்தல் அறிக்கையில சொன்னதோ ஐந்து வருஷத்துல 1,500. தொழிற்சங்கங்களும் மத்த அமைப்புகளும் அக்டோபர்ல நாடாளுமன்றம் முன்னாடி திரண்டாங்க. நவம்பர் 2-ஆம் தேதி வரவுசெலவுத் திட்டத்துல 1,100 ஆச்சு. கூட்டம் 2007 அளவுக்கு இல்ல. கண்ணீர்ப்புகை இல்ல. யாரும் தலைவர் ஆகல. கிடைச்சது மாசத்துக்கு 50 வெள்ளி. ஆனா அந்த 50 வெள்ளி தோட்டத்துல கொழுந்து எடுக்கிற அக்காவோட சம்பளச் சீட்டுல வந்து உட்கார்ந்துச்சு. எந்த வைபி கட்சி மாறினாலும் அதைத் திரும்ப எடுத்துட்டுப் போக முடியாது.

அதே விஷயத்துல நாம தூங்கினதும் நடந்துச்சு. 2020-ல 1,200 ஆக்கினாங்க, ஆனா மாநகராட்சி, நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு மட்டும். மத்த இடங்களுக்கு அதே 1,100. நம்ம கேமரன் மலை மாவட்ட மன்றம், அதனால நமக்கு 1,100. மேல ஏறி வர்ற ஒவ்வொரு சாமானுக்கும் லாரி வாடகை சேர்த்துக் கொடுக்கிறவங்க நாம, நமக்குச் சம்பளம் நூறு குறைச்சல். இதைக் கேட்டு இந்த மலையில ஒரு பதாகை தூக்கினதா எனக்கு ஞாபகம் இல்ல. 2022-ல 1,500, 2025-ல 1,700ன்னு நாடு முழுக்க ஒரே மாதிரி ஆன பிறகுதான் அந்த வித்தியாசம் போச்சு.

நம்மள மாதிரியே தேயிலை நம்பிப் பிழைக்கிற தமிழ் ஜனங்க வேற மலைகள்லயும் இருக்காங்க. அவங்க கதையையும் கொஞ்சம் பார்ப்போம்.

கேரளாவுல மூணாறு. 2015 செப்டம்பர். 20 சதவீதம் பக்கத்துல வாங்கிட்டிருந்த போனஸை கம்பெனி 10 சதவீதமா குறைச்சது. ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளிங்க, பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நெடுஞ்சாலையில உட்கார்ந்துட்டாங்க. பெண்பிள்ளை ஒருமைன்னு பேர். சங்கத் தலைவருங்க வந்தா, கட்சிக்காரங்க வந்தா, திருப்பி அனுப்பினாங்க. நம்பிக்கையில்லாதவங்க எப்படிப் போராடணும்னு ஒரு பாடம்னா அதுதான். நம்பல, ஆனா வீட்டுலயும் உட்காரல. ஒரு வாரத்துக்கு மேல நடந்த மறியல்ல 20 சதவீதத்தை வாங்கிட்டாங்க. கூலியும் பிறகு 232 ரூபாயிலேர்ந்து 301 ஆச்சு. அவங்க கேட்டது 500, அது கிடைக்கல. பிற்பாடு இயக்கத்துக்குள்ளயே பிளவு வந்து, கட்சிங்க உள்ள புகுந்து, பழைய வேகம் போயிடுச்சு. ஆனா வாங்கின போனஸ் வாங்கினதுதான்.

இலங்கை மலையகத்துல ஒரு நாள் கூலி ஆயிரம் ரூபாய்க்காக வருஷக்கணக்கா போராடினாங்க. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சியும் "ஆயிரம் தர்றோம்"னு சொன்னாங்க. 2021 மார்ச்லதான் அது வர்த்தமானியில வந்துச்சு. அதுக்குள்ள விலைவாசி எங்கயோ போயிடுச்சு. 2024 மே தினத்துல கொட்டகலையில 1,700ன்னு அறிவிச்சாங்க. கம்பெனிங்க நீதிமன்றம் போனாங்க. செப்டம்பர்ல கைக்கு வந்த அடிப்படைக் கூலி 1,350. மேடையில சொன்ன தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் நடுவுல இருக்கிற 350 ரூபாய்தான் அரசியல். அதைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கிற ஆள் வேணும்.

இந்த மூணு ஊர் கதையிலயும் எனக்குத் தெரியறது ஒண்ணுதான். எண்ணும் தேதியும் போட்டுக் கேட்ட விஷயத்துல, முழுசா இல்லாட்டியும், ஏதோ ஒண்ணு கைக்கு வந்திருக்கு. "எங்களுக்கு உரிமை வேணும், மரியாதை வேணும்"னு மட்டும் கேட்டா மரியாதையா ஒரு பதில் வரும், அவ்வளவுதான். மேடையில "கண்டிப்பா செய்றோம்"னு சொல்றதுக்கு யாருக்கும் செலவு இல்ல.

சரி, இப்ப நம்ம மலைக்கு வருவோம்.

கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி 2004-லேர்ந்து 2018 வரைக்கும் ம.இ.கா. கையில இருந்துச்சு. 2013-ல டத்தோ ஸ்ரீ பழனிவேல் ஜெயிச்சது 462 வாக்கு வித்தியாசத்துல. அவர் இயற்கை வளம், சுற்றுச்சூழல் அமைச்சராவும் ஆனார். அதே வருஷம் அக்டோபர் 23 ராத்திரி அணையிலேர்ந்து தண்ணி திறந்து விட்டு, பெர்த்தாம் வேலியில வெள்ளம் புகுந்து உயிர் போச்சு. அடுத்த வருஷம் நவம்பர்ல திரும்பவும் சேத்து வெள்ளம். சுற்றுச்சூழல் அமைச்சரே நம்ம தொகுதிக்காரர், ஆனா மலையை வெட்டுறது நின்னபாடில்ல. நம்ம ஆள் ஒருத்தர் மேல இருந்தா எல்லாம் சரியாகிடும்னு நம்பினவங்களுக்கு அந்த ரெண்டு வருஷமே பதில்.

2018 பொதுத் தேர்தல்ல ம.இ.கா.வோட சிவராஜ் 597 வாக்குல ஜெயிச்சார். ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதுன்னு வழக்கு போய், நவம்பர் 30-ஆம் தேதி தேர்தல் நீதிமன்றம் அந்த முடிவைச் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தல். வேட்புமனு 12-ஆம் தேதி, பொங்கல் 15, தைப்பூசம் 21. அந்த ரெண்டு வாரத்துல நம்ம மலை பார்த்த வைபிங்க எண்ணிக்கையை அதுக்கு முன்னயும் பார்த்ததில்ல, பின்னயும் பார்த்ததில்ல. தேசிய முன்னணி சார்புல நின்ன ரம்லி முகமட் நோர், ஜ.செ.க. மனோகரனை 3,238 வாக்குல ஜெயிச்சு நாடாளுமன்றம் போன முதல் ஓராங் அஸ்லி ஆனார். வாக்களிக்க வந்தவங்க விகிதமோ 2018-ஐ விட குறைவு.

இந்த எண்களை ஏன் எழுதறேன்? 462, 597. நம்ம கோயில் தைப்பூச அன்னதானத்துல ரெண்டு பந்தி உட்கார்ந்தா இந்தக் கணக்கு வந்துடும். அப்ப தொகுதியில மொத்தம் 32 ஆயிரம் பேர் சுமார், அதுல இந்தியர் நூத்துக்குப் பதினஞ்சு பேர். நாம கம்மி, அதனால நம்ம ஓட்டு எதுக்கும் ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு இதைத்தான் காட்டணும். ரெண்டு பொதுத் தேர்தல்ல இந்தத் தொகுதியோட முடிவு அறுநூறு ஓட்டுக்குள்ள அடங்கியிருக்கு. "நான் ஓட்டு போடல"ன்னு சொல்ற நம்ம ஆள் அதுக்குள்ள இருக்காரு. அவர் ஒதுங்கிக்கிறது எந்த அரசியல்வாதிக்கும் தண்டனை இல்ல. கேள்வி கேக்கிறவன் வீட்டுல உட்கார்ந்துட்டா, மாலை போடறவன் மட்டும் வரிசையில நிப்பான். அவங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

ஓராங் அஸ்லி ஜனங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். அவங்க நம்ம அண்டை வீட்டுக்காரங்க. அவங்க ஓட்டை வாங்கினாங்கன்னு ஊரே கேலி பேசுச்சு. ஆனா அவங்க நில உரிமைக்காகப் பல இடங்கள்ல தடுப்பு போட்டு, நீதிமன்றப் படி ஏறி, இன்னும் போராடிட்டு இருக்காங்க. அவங்களைக் கேலி பேசுற நாம, நம்ம கோயில் நிலத்துக்கு ஒரு கடிதமாவது எழுதினோமா?

கோயில் நிலம்னு சொன்னதும் இதைப் பேசாம இருக்க முடியல. 2025 மார்ச்ல கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கத்துல இருக்கிற தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் விஷயம் எல்லாருக்கும் தெரியும். நூத்து முப்பது வருஷக் கோயில். அது இருக்கிற நிலம் 2014-லேயே ஒரு தனியார் நிறுவனத்துக்கு வித்தாச்சு. பத்து வருஷத்துக்கு அப்புறம் பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டப் போறாங்கன்னு சேதி வந்தப்பதான் நாடே பேசுச்சு. கடைசியில பக்கத்துலயே வேற இடம்னு முடிவாச்சு. எது சரி எது தப்புன்னு இங்க விவாதிக்கல, அதுக்கு ஏற்கனவே ஆயிரம் பதிவு இருக்கு. என் மனசுல தைச்சது 2014-ங்கற அந்த வருஷம்தான். நிலம் கைமாறின அன்னைக்கு யாரும் பேரணி போகல, ஏன்னா யாருக்கும் தெரியல. கிராண்ட் யார் பேர்ல இருக்குன்னு பெஜாபாட் தானாவுல போய்க் கேக்கிறதுக்குப் பேரணி வேணாம். ரெண்டு பேரும் ஒரு மோட்டார் சைக்கிளும் போதும். நம்ம மலையில, தோட்டத்துக்குள்ள, ரோட்டோரத்துல, எத்தனை கோயிலுக்குத் தன் பேர்ல கிராண்ட் இருக்குன்னு நமக்கே தெரியுமா?

ஆத்திரத்துல இறங்கினா என்ன ஆகும்னும் நாம பார்த்துட்டோம். 2018 நவம்பர் கடைசியில சுபாங் ஜெயா சீஃபீல்டு மாரியம்மன் கோயில்ல நடந்தது. கோயிலைக் காப்பாத்தணும்னு போனவங்க, ராத்திரியில பரவின வதந்தி, எரிஞ்ச வண்டிங்க. பணிக்கு வந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் படுகாயப்பட்டு டிசம்பர் 17-ஆம் தேதி இறந்தார். ஒரு தாய் பிள்ளையை இழந்தா. அதுக்கு எந்தத் தரப்பு நியாயமும் ஈடாகாது. அதனால தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்றேன். வாட்ஸ்அப்ல வந்த குரல் பதிவைக் கேட்டுட்டுக் கிளம்பாதீங்க. முறையா அறிவிச்சு, பெயர் போட்ட ஏற்பாட்டாளர் இருக்கிற பேரணிக்குப் போங்க. பகல்ல போங்க. கையில தண்ணி பாட்டிலும் பதாகையும் போதும். வேன்ல போற அத்தனை பேர் பேரும் வீட்டுக்காரங்ககிட்ட இருக்கணும். கோயில் டி-சட்டை போடாதீங்க. 2012 அமைதிப் பேரணிச் சட்டப்படி வழிபாட்டுத் தலத்துல, அதைச் சுத்தி 50 மீட்டருக்குள்ள அரசியல் கூட்டம் கூடாது. அது நமக்கும் நல்லதுதான். சாமி கும்பிட வர்றவங்கள்ல எல்லாக் கட்சிக்காரங்களும் இருக்காங்க.

பெரியவங்க "கோயிலுக்குள்ள அரசியல் வேணாம்"னு சொல்றாங்க. முழு மனசோட ஒத்துக்கறேன் ஐயா. அப்ப அதை எல்லா நாளும் கடைப்பிடிப்போம். தம்பிங்க பேரணிக்குப் போறது மட்டும் அரசியல், வைபிக்கு மூலஸ்தானம் முன்னாடி பரிவட்டம் கட்டி மைக் கொடுக்கிறது ஆன்மிகமா? அதனால என் யோசனையை நேரடியா வைக்கறேன்.

ஒண்ணு. எந்தக் கட்சி வைபி, டத்தோ, வேட்பாளர் வந்தாலும் வரவேற்போம். வரிசையில நிக்கட்டும், அர்ச்சனை பண்ணட்டும், பந்தியில நம்மளோட உட்கார்ந்து சாப்பிடட்டும். மாலை, பொன்னாடை, மைக் கிடையாது. ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே விதி. எழுதி அறிவிப்புப் பலகையில ஒட்டிடுவோம்.

ரெண்டு. அட்டையில எழுதின பணம் வேணாம். பணம் வங்கிக் கணக்குல ஏறட்டும், ரசீது கொடுப்போம், அப்புறம் படம் எடுப்போம். அம்பது வெள்ளி உபயம் கொடுத்த பாட்டி பேரை ஆண்டுக் கூட்டத்துல வாசிக்கிறோம். அதே மாதிரி வாக்குறுதி கொடுத்தவங்க பேரையும் வாசிப்போம். யார், எந்தத் தேதியில, எவ்வளவு சொன்னாங்க, எவ்வளவு வந்துச்சு. யாரையும் திட்ட வேணாம், வாசிச்சா போதும்.

மூணு. ஒரு வாக்குறுதி நோட்டு. சாதாரண நீள நோட்டுதான். தேர்தல் நேரத்துல வர்றவங்ககிட்ட நாம கேக்கறது அதிகபட்சம் மூணு விஷயம், எண்ணோட, தேதியோட. உதாரணத்துக்கு, கோயில் நில விண்ணப்பத்துக்கு எந்த மாசத்துக்குள்ள பதில் வரும்? சொல்றவர் அதுக்குக் கீழ கையெழுத்து போடட்டும். போட மாட்டேன்னா, "கேட்டோம், போடல"ன்னு எழுதி தேதி போடுவோம். அதுவும் ஒரு பதில்தான்.

நாலு. வெளியூர்ல வேலை செய்ற நம்ம பிள்ளைங்க. கோலாலம்பூர், ஈப்போ, ஜொகூர், சிங்கப்பூர். 18 வயசு ஆனா தானாவே வாக்காளர் பட்டியல்ல பேர் வந்துடுது. அந்த மாற்றமும் இளைஞர்கள் தெருவுல நின்னு, நீதிமன்றம் போய், 2021 கடைசியில வாங்கினதுதான். அதனால 2022-ல நம்ம தொகுதி வாக்காளர் எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டிச்சு. ஆனா பட்டியல்ல பேர் இருந்து என்ன புண்ணியம், ஆள் ஊர்ல இல்லையே? தைப்பூசத்துக்கு லீவு போட்டு வர்ற மாதிரி ஓட்டு நாளுக்கும் வரட்டும். கார்ல இடம் இருக்கிறவங்க இல்லாதவங்களை ஏத்திட்டு வாங்க. யாருக்குப் போடணும்னு கோயில் சொல்லாது. வந்து போடுங்க, அவ்வளவுதான்.

இதுக்கு வரப்போற மறுப்பும் எனக்குத் தெரியும். "தம்பி, நீ ஈஸியா எழுதிட்ட. மானியம் அவங்க கையெழுத்துலதான் வருது. கூரை ஒழுகுது. மாலை போடலைன்னா கோவிச்சுக்குவாங்க, அப்புறம் பணத்தை வேற கோயிலுக்குக் கொடுத்துடுவாங்க."

இது வீண் பயம் இல்ல. நிர்வாகத்துல இருக்கிறவங்க தனக்காக யார் காலையும் பிடிக்கல, கோயிலுக்காகத்தான் குனியறாங்க. அவங்க நிலைமையைக் கேலி பண்ண எனக்கு உரிமை இல்ல. ஒரு வருஷம் மானியம் குறையலாம். கூரைக்கு நாமளே சீட்டு போட்டுப் பணம் சேர்க்க வேண்டி வரலாம். ஆனா ரெண்டு விஷயத்தை யோசிங்க. மானியம் அரசாங்கப் பணம், அதாவது நம்ம வரிப்பணம். அது யாரோட உபயமும் இல்ல. இன்னொண்ணு, விதி எல்லாருக்கும் ஒண்ணுன்னா கோவிச்சுக்க முடியாது. "உங்களுக்கு மட்டும் இல்ல வைபி, அவருக்கும் போடல"ன்னு சொன்னா, அவருக்கும் ஒரு விதத்துல நிம்மதிதான். பிரிஞ்சாங்ல ஒரு கோயில் மட்டும் இதைச் செஞ்சா கஷ்டம். தானா ராத்தா, ரிங்லெட், கம்போங் ராஜா, புளூவேலி, தோட்டத்துக் கோயில்ங்க எல்லாம் சேர்ந்து ஒரே தாள்ல கையெழுத்து போட்டா, யாரை விட்டுட்டு யாருக்குக் கொடுப்பாங்க?

போராட்டம்னா தெருவுல நிக்கறது மட்டும் இல்ல. தெருவுல நிக்கிற நாள் வருஷத்துல ஒண்ணோ ரெண்டோ. மத்த நாள்ல நோட்டைத் திறந்து பார்க்கணும், பெஜாபாட் தானாவுல வரிசையில நிக்கணும், கடிதத்துக்குப் பதில் வரலைன்னா இன்னொரு கடிதம் எழுதணும். இதுல கோஷம் இல்ல, படம் எடுக்க ஒண்ணும் இல்ல, யாரும் லைக் போட மாட்டாங்க. ஆனா இது நமக்குப் புதுசும் இல்ல. உண்டியலை எண்றப்ப நாலு பேர் உட்கார்றோம். ஒருத்தர் எண்ணுவார், ஒருத்தர் எழுதுவார், ரெண்டு பேர் பார்ப்பாங்க. எண்ணுறவரைச் சந்தேகப்பட்டா அப்படிச் செய்றோம்? அதுதான் முறை. அந்த முறையை வைபிங்களுக்கும் வைப்போம்னுதான் கேக்கறேன்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு இந்த நாலு யோசனையையும் எழுத்துல கொடுக்கப் போறேன். தீர்மானம்னா முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர் வேணும். முன்மொழிய நான் இருக்கேன். வழிமொழியறவங்க கீழ பேர் போடுங்க. எதிர்க்கிறவங்களும் காரணத்தோட எழுதுங்க, கூட்டத்துல அதையும் சேர்த்து வாசிப்போம். நோட்டோட முதல் பக்கத்துல வரவேண்டிய மூணு கேள்வி என்னன்னும் சொல்லுங்க. என்னோட முதல் கேள்வி, நம்ம கோயில் கிராண்ட் யார் பேர்ல இருக்கு?

பகிர்றவங்க முழுசா பகிருங்க. பாதியை வெட்டி எந்தக் கட்சிக் குழுவுலயும் போட வேண்டாம்.

வேலும் மயிலும் துணை 🙏